முட்டை அட்டையில் இருபது புழுக்கள்

இருபத்திரண்டு வருஷமாகப் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். டப்பாவோடு மடித்து வைத்திருக்கும் துண்டுக் காகிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்ட ஒரே ஜீவன் என் அக்கா. பதினாறாக மடித்த காகிதம், எறும்பு எழுத்து. யாரும் படித்துவிடக் கூடாது என்றே அப்படி அச்சடிப்பார்கள் போல. அவள் பூதக்கண்ணாடி வைத்துக் கடைசி வரி வரை படிப்பாள். படித்துவிட்டுச் சும்மாவா இருப்பாள்? கடையில் ஆறு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்து வருவாள்.

"கையுறை போட்டுக்கிட்டுதான் அடிக்கணும்னு இதுல போட்டிருக்கு. கையுறை எங்க வெச்சிருக்க?"

"அதெல்லாம் சும்மா போடுறதுக்கா."

"அப்ப மருந்து பேரும் சும்மா போட்டதுதானா?"

இப்படித்தான் என் மானத்தை வாங்குவாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்து என்ன செய்ய? கடையில் கையுறை இல்லை. கேட்க ஆள் இல்லாத சரக்கை நான் வாங்கி வைப்பதில்லை.

எங்கள் பக்கம் எனக்கு டாக்டர் என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் இரண்டு தடவை தோற்றவனுக்கு இந்தப் பட்டம். காலையில் கதவைத் தூக்கும்போதே சட்டைப்பையில் ஒரு இலையையோ காயையோ வைத்துக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள். நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உச்சுக்கொட்டி, தலையை ஆட்டி, பின்னால் திரும்பி அலமாரியில் கை வைப்பேன். எது கைக்கு எட்டுகிறதோ அதுதான் மருந்து. பூச்சியைக் கொல்கிற விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்தவர்கள் நாம். அதை விற்கிறவனை டாக்டர் என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவோம். கைராசிக்காரர் என்றும் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன். இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினாள் என்று சொல்வார்கள். நிறுத்தினார்கள் என்று சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்றபோது அந்த ஒருவன் நானானேன், படித்துக் கிழித்த லட்சணத்தை மேலே சொல்லிவிட்டேன். அவளைக் கட்டிய மாமா லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். இடுப்பு எலும்பு நழுவியதும் வண்டியை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டார். கிணறு இல்லாத இரண்டு ஏக்கர் காடு, வானம் பார்த்த பூமி. மழை வந்தால் துவரை, வராவிட்டால் வெறும் தரை. வருஷத்துக்கு ஒரே விளைச்சல். அந்த வீட்டின் பன்னிரண்டு மாதமும் அதற்குள்தான்.

செடியோடு பேசுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அக்கா பேசமாட்டாள், விசாரிப்பாள். வரிசை வரிசையாக நின்று, இலையைத் திருப்பி, பூவை விரித்து, காயை அழுத்திப் பார்த்து, திருட்டு நடந்த வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் மாதிரி நடப்பாள். துவரையில் திருடன் யார் என்று எல்லோருக்கும் தெரியும், காய்ப்புழு. அந்துப்பூச்சி பூவில் முட்டை வைக்கும். பொரிந்த புழு காயில் ஓட்டை போட்டுத் தலையை மட்டும் உள்ளே விட்டு, உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு பருப்பைத் தின்னும். ஒரு காய் தீர்ந்தால் அடுத்தது. தின்று கொழுத்ததும் கீழே இறங்கி மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். பத்துப் பன்னிரண்டு நாளில் பூச்சியாக எழுந்து வந்து மறுபடியும் முட்டை வைக்கும்.

நான் கடை திறந்த புதிதில் இதற்கு லிட்டருக்கு அரை மூடி மருந்து போதும். காலையில் அடித்தால் மாலையில் புழு தரையெல்லாம் கிடக்கும். நாலைந்து வருஷத்தில் அரை மூடி பற்றவில்லை என்று வந்தார்கள். ஒரு மூடி போடு என்றேன். அப்புறம் இரண்டு மூடி. அப்புறம் வாரம் தவறாமல் அடி என்றேன். அப்புறம் இரண்டு மருந்தைக் கலந்து கொடுத்தேன், போன வருஷம் மூன்று. ஏன் இப்படி ஏறிக்கொண்டே போகிறது என்று ஒரு நாளாவது என்னை நானே கேட்டேனா என்றால் இல்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது என்று அந்தத் துண்டுக் காகிதத்திலேயே இருக்கிறதாம். அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இந்த வருஷம் அவள் நான் சொன்னபடி மூன்று தடவை அடித்தாள். முதல் பூவில் வந்த காய் மொத்தமும் ஓட்டை. துவரையிடம் ஒரு நல்ல குணம் உண்டு, காய் போனால் கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை பூக்கும். அந்த இரண்டாம் பூ மொட்டு விட்டிருந்தது. அது காயாகி நின்றால் வீடு தப்பும். அதுவும் போனால் அடுத்த மழை வரை ஒன்றுமில்லை. மூன்றாம் பூ என்று ஒன்று கிடையாது.

அவள் மருந்து அடிப்பதை நிறுத்தினாள். விடிந்ததும் மாமாவும் அவளும் காட்டில் இறங்குவார்கள். செடிக்கு அடியில் மாமா பழைய விரிப்பைப் பிடிப்பார். அக்கா தண்டைப் பிடித்து உலுக்குவாள். வளர்ந்த புழுவெல்லாம் பொத்துப் பொத்தென்று விரிப்பில் விழும். அள்ளிக் கொண்டுபோய்க் கோழிக்குப் போடுவார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். உலுக்கி என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு, "அக்கா, புழு எல்லாம் போன் பண்ணிக் கேட்டுச்சு, எப்ப உலுக்க வருவீங்கன்னு" என்று கிண்டல் வேறு.

அவள் சிரிக்கவில்லை. "உன் மருந்துல தண்ணி கலக்குறியா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஆயிரம் தப்புச் செய்திருப்பேன், சரக்கில் கை வைத்ததில்லை. "என் சரக்கு சுத்தம். உனக்கு அடிக்கத் தெரியல. நோஞ்சான் மாதிரி அடிச்சா எப்படிச் சாகும்?" என்று கத்தினேன்.

"சரி, பாத்துரலாம்" என்றாள்.

என்ன பார்க்கப்போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் பேருந்து ஏறிச் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். நாலு மணி நேரப் பயணம். அவர்கள் வேலியோரத்தில் வீட்டுக்கென்று கொஞ்சம் துவரை போடுவார்கள். அதில் யாரும் ஒரு சொட்டு மருந்து அடித்ததில்லை. அங்கே இருபது புழுவைப் பிடித்துச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு, மூடியில் ஆணியால் துளை போட்டு எடுத்து வந்தாள். வீட்டில் வந்து திறந்தால் ஒன்பதுதான் இருந்தன. மிச்சத்தை இந்த ஒன்பதும் தின்றிருந்தன. இந்தப் புழுக்களுக்கு உறவு முறையெல்லாம் கிடையாது. வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாள். இவள் ஒரு நாள் விட்டு மறுபடியும் போனாள். இந்தத் தடவை முட்டை அடுக்குகிற அட்டை. குழிக்கு ஒரு புழு, கூட ஒரு துண்டுக் காய், மேலே மெல்லிய துணியை இழுத்துத் தைத்துவிட்டாள். மடியில் வைத்துக்கொண்டு வந்தவளிடம் கண்டக்டர், "முட்டையாம்மா? பத்திரம், வண்டி குலுங்கும்" என்றாராம். "முட்டைலேருந்து வந்ததுதான். சம்பந்தி வீட்டுல குடுத்து விட்டாங்க" என்றாளாம்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு என் கடை மேஜையில் இரண்டு அட்டைகளை வைத்தாள். ஒன்றில் சம்பந்தி வீட்டுப் புழு பத்து. இன்னொன்றில் அவள் காட்டுப் புழு பத்து. எல்லாம் ஒரே அளவு, தீக்குச்சியை வைத்து அளந்து பொறுக்கியிருக்கிறாள். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவள் காட்டைச் சுற்றி ஆறு காடு, ஆறு பேரும் என் வாடிக்கை. அதில் மூன்று பேர் அங்கேயே நின்றார்கள்.

"எனக்குக் குடுத்த அதே மருந்துல புது டப்பாவா நீயே எடு. நீயே உடை. நீயே கலக்கு. அப்புறம் என் கை சரியில்லன்னு சொல்லக் கூடாது" என்றாள்.

நானும் வீறாப்பாக எடுத்தேன். எல்லோர் முன்னாலும் டப்பாவின் சீலை உடைத்தேன். லிட்டருக்கு ஒரு மூடி. அவள் கொண்டு வந்த துவரங்காய்களை அதில் முக்கி, காற்றில் உலர்த்தி, இருபது குழியிலும் போட்டேன். "இப்ப பாருங்கய்யா" என்று மார்தட்டாத குறைதான்.

முக்கால் மணி நேரத்தில் ஒரு அட்டையில் புழுக்கள் சுருண்டன. துடித்தன. பன்னிரண்டு மணிக்குப் பத்தில் ஒன்பது நார் மாதிரி கிடந்தன. எனக்கு உச்சி குளிர்ந்தது. "பாத்தியாக்கா? சரக்கு சுத்தமா இல்லையா?" என்றேன்.

"சுத்தம்தான். செத்தது சம்பந்தி வீட்டுது. அந்த அட்டையப் பாரு" என்றாள்.

அவள் காட்டுப் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. என் கையால் மருந்தில் முக்கிய காயில் ஓட்டை போட்டு, தலையை உள்ளே விட்டு, நிதானமாக. மாலை நாலு மணி வரை பார்த்தோம். சம்பந்தி வீட்டுப் பத்தும் போய்ச் சேர்ந்துவிட்டன. இவள் காட்டில் இரண்டு செத்தன, எட்டு உயிரோடு இருந்தன.

"மருந்துன்னு சரியாத்தான் பேரு வெச்சிருக்காங்க" என்றாள் அக்கா. "ஒரு நோய்நொடி இல்லாம இருக்குது பாரு."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்தில் தண்ணீர் கலந்திருந்தால்கூட எனக்குத் தேவலை, ஒரு தப்போடு போயிருக்கும். இது வேறு. சுத்தமான விஷத்தை அரை மூடி, ஒரு மூடி, இரண்டு மூடி என்று இருபத்திரண்டு வருஷம் ஊட்டி, தாங்காததெல்லாம் செத்துப்போக, தாங்கியது குட்டி போட, இப்படி ஒரு புழுவை இந்தப் பக்கத்தில் வளர்த்துவிட்டவன் நான்தான். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேஜையில் இரண்டு அட்டையாகக் கிடந்தது.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னும் மூணு நாலு நாள்ல எல்லாக் காட்டுப் புழுவும் மண்ணுக்குள்ள இறங்கிடும். அதுக்குள்ள ஆறு காட்டையும் உலுக்கணும். நான் மட்டும் உலுக்கிப் புண்ணியமில்ல, சுத்தி இருக்கிறது பூச்சியாகி என் பூவுலதான் வந்து உக்காரும். நான் சொன்னா யாரும் கேக்கமாட்டாங்க. நீ சொன்னாக் கேப்பாங்க. இந்தப் புழு இனிமே மருந்துக்குக் கேக்காது, உலுக்குங்கன்னு ஒரு வார்த்த சொல்லு."

அவள் கேட்டது அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன். திறந்தது உண்மை.

அதற்குள் அவள் மேற்கு வரப்புக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர் முன்னால் வந்தார். காலையிலிருந்து ஆறு மணி நேரம் நின்று கண்ணால் பார்த்த மனுஷர். அட்டையைக் காட்டிக் கேட்டார்.

"டாக்டர், அப்ப இந்த எட்டுக்கு எது கேக்கும்?"

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். தெரியாது என்று சொன்னால் நான் யார்? அலமாரியில் கீழ்த்தட்டில் புதிதாக ஒன்று வந்திருந்தது. என் கை அதன்மேல் போனது. அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்தேன். "மூணையும் கலந்து அடிங்க. காட்டமானது. அடிச்சுட்டு மூணு நாளைக்கு யாரும் காட்டுல இறங்கக் கூடாது" என்றேன். அந்த மூன்று பேரும் வாங்கினார்கள். மிச்ச மூன்று பேருக்கும் சேதி போய், கடை அடைப்பதற்குள் அவர்களும் வந்து வாங்கிப் போனார்கள். எனக்குக் கை நடுங்கியதா என்று கேட்டால், இல்லை. வழக்கம்போல் பொட்டலம் கட்டினேன். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

அக்கா சண்டை போடவில்லை. செத்த புழு இருந்த அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள். "இது நீ வளத்தது. நீயே வெச்சுக்க" என்று எட்டையும் மேஜையில் விட்டுவிட்டுப் போனாள்.

காலையில் கடையைத் திறக்கப் போனேன். அட்டையில் எட்டும் இருந்தன. காய்த் துண்டுகளை ஒட்டத் தின்று முடித்திருந்தன. கதவை இறக்கிவிட்டு அக்கா காட்டுக்குப் போனேன். மாமா ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தபடி விரிப்பைப் பிடித்திருந்தார்.

"வா மாப்ள. வழி தெரிஞ்சிருச்சா?" என்றார்.

அக்கா உலுக்குவதை நிறுத்தவில்லை. "இங்க ரெண்டு பேர் போதும். மேற்க போ. அந்தக் காட்டை உலுக்கு. நீ குடுத்தது கேக்காதுன்னு நீயே சொல்லிட்டு உலுக்கு" என்றாள்.

வரப்பைத் தாண்டும்போதே நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. மேற்குக் காட்டுக்காரர் வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தெளிப்பான் சாய்ந்து கிடந்தது. விடிவதற்கு முன்பே அடித்து முடித்திருக்கிறார். கண் செக்கச்செவேலென்று இருந்தது. மூக்கும் வாயும் ஒழுகின. சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. வெறுங்கை.

"உலுக்கலாம்னு வந்தேன்" என்றேன். "நேத்துக் குடுத்தது..."

அவர் கையை நீட்டி என்னை மறித்தார். விரல்கள் நடுங்கின. "உள்ள போயிடாதீங்க டாக்டர். மருந்து அடிச்சிருக்கு. மூணு நாள் இறங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. உங்களுக்கு ஏதாவது ஆயிடப்போகுது."

அவர் தலைக்கு மேலே ஒரு கொத்துக் காய் தொங்கியது. அதில் ஒரு புழு, தலை உள்ளே, உடம்பு வெளியே, தின்றுகொண்டிருந்தது. கீழே மனுஷருக்கு மூச்சு வாங்கியது.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அக்காதான் ஓடி வந்தாள். "சட்டையக் கழட்டுங்க மொதல்ல" என்று அதட்டி, அவளே பட்டன்களைப் பிய்த்துக் கழற்றினாள். குடத்துத் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தாள். மாமா சோப்பைக் கொண்டுவந்தார். கை, கழுத்து, முதுகு என்று தேய்த்துக் கழுவினாள். காகிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். அவரை என் வண்டியில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் அவள் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் காட்டில் பாதி வரிசை உலுக்காமல் நின்றது.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு, "எந்த மருந்து அடிச்சீங்க? பேர் வேணும்" என்று அவரிடம் கேட்டார்.

அவருக்குப் பேச வரவில்லை. என்னைக் கை காட்டினார். "டாக்டரையே கேளுங்க."

"எந்த டாக்டர்?" என்று அந்த அம்மா என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன். "டாக்டர் இல்ல. கடைக்காரன்." மூன்று பெயரையும் சொன்னேன். அளவையும் சொன்னேன். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இத்தனையும் ஒண்ணாவா? புழுவாவது செத்துச்சா?"

"சாகல. இந்தப் புழு இனிமே மருந்துக்குக் கேக்காது. உலுக்கித்தான் எடுக்கணும்" என்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மேற்குக் காட்டுக்காரர் ஐந்து நாளில் வீடு திரும்பினார். மற்ற ஐந்து பேரும் அதே காலையில் அடித்திருந்தார்கள், ஒரு காட்டிலும் யாரும் இறங்கவில்லை. மூன்று நாள் முடிந்தபோது செடியில் புழு இல்லை. மருந்து கேட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள், எனக்கு நன்றி சொல்ல வந்தார்கள். புழு மண்ணுக்குள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் பூச்சியாக எழுந்தது. அக்காவின் காட்டில் இரண்டாம் பூ அப்போதுதான் மஞ்சளாக விரிந்திருந்தது. அவளும் மாமாவும் நானும் தினம் உலுக்கினோம். அறுப்பில் விதைக்கு மட்டும் தேறியது. மாமா இந்த இடுப்போடு மறுபடி லாரிக்குப் போயிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் நான் சொன்னது ஒரு வார்த்தை. துவரை போடாத ஒரு டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். முந்தின நாள் நாலு மணிக்கு, கேட்கிறவர்கள் என் எதிரில் நின்றபோது சொல்லியிருந்தால், மாமா இப்போது வீட்டில் இருந்திருப்பார்.